போர்மேன் வைத்த ஒற்றை ஸ்டார்

பாண்டிராஜ் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஆனைக்குட்டம் போகிற வழியில் இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். பஸ் கண்ணெதிரே கிளம்பினாலும் நடந்துதான் போவார். போய்விட்டால் அடுத்த பஸ் வராமலா இருக்கும் என்பார். ஒருமுறை திருத்தங்கல் பஜாரில் நாய் ஒன்று அவரை விரட்டியதாம். அவர் நடந்தே வந்ததில் நாய்க்குச் சலித்துப் போய், பாதியில் திரும்பிவிட்டதாம். பேக்கிங் செட் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை இது. அவரும் மறுத்ததில்லை.

தான் ஓடாவிட்டால் போகட்டும், அடுத்தவர் ஓடினாலும் அவருக்கு ஆகாது. கம்பெனிக்குள் யாராவது காலைக் கொஞ்சம் எட்டிப் போட்டால் போதும், "ஏலே, ஓடாதலே! செத்த நில்லுலே!" என்று எங்கிருந்தாவது அந்தக் குரல் வந்துவிடும். முதலாளியின் பேரன் ஒருநாள் ஆபீஸ் வாசலில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியபோதும் இதே குரல்தான் வந்தது. முதலாளியே ஒரு நொடி நின்றுவிட்டார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் சுவரில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்குவதற்காக, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையை அதில் வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும். வெடிமருந்து பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும் அல்லவா? பாண்டிராஜ் இதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்விட்டார். வீட்டு வாசலில் கை வைப்பார், பாங்கு வாசலில் வைப்பார். கோயில் வாசலில் வைத்தால் பக்தி என்று விட்டுவிடுவார்கள். மச்சினன் கல்யாணத்தில் மண்டபச் சுவருக்கு அன்றைக்குத்தான் நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த நீலக் கையோடுதான் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார். மனைவி பொன்மணி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

சிரிக்க வேண்டிய மனிதர்தான். ஆனால் அவர் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருக்கிறது. சுருட்டை முடி, முன்பல்லில் சின்ன இடைவெளி, அப்போதுதான் ஏதோ சேட்டை செய்துவிட்டு வந்த மாதிரி ஒரு முகம். அவருடைய தம்பி ஊர்க்காவலன். இருவரும் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்த காலம் அது. திடீரென்று மழை தூற, காயப்போட்டிருந்த வெடிச் சரக்கு நனைந்துவிடுமே என்று தட்டைத் தூக்கிக்கொண்டு தம்பி ஓடினான். அண்ணன் நில்லுலே என்று கத்தினார். அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். கால் தடுக்கியது, தட்டு கீழே விழுந்து வெடித்தது. அவ்வளவுதான். அதைப் பற்றி பாண்டிராஜ் யாரிடமும் பேசுவதில்லை. ஓடாதே என்று மட்டும் சொல்கிறார், எல்லோரிடமும், எப்போதும்.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள் ஓவியா, ஓடுகிற விளையாட்டு தயாரிக்கும் கம்பெனியில் போய்ச் சேர்ந்தாள் என்றால் அதை என்னவென்று சொல்வது!

சின்ன வயதிலிருந்தே கிடைத்த பட்டாசு லேபிளின் பின்புறமெல்லாம் படம் வரைந்தவள் அவள். கோயம்புத்தூரில் படித்துவிட்டு, சென்னையில் செல்போன் விளையாட்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தற்காலிக வேலையில் சேர்ந்தாள். அங்கே அவர்கள் செய்த விளையாட்டின் பெயர் 'குடுவைக் குமார்'. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பையன் முடிவே இல்லாத ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் ஓடிக்கொண்டே இருப்பான். முதுகும் தலைமுடியும்தான் தெரியும், முகம் தெரியாது. சிந்திக் கிடக்கும் அமிலத்தைத் தாண்ட வேண்டும், குழாய்க்கு அடியில் சறுக்க வேண்டும், மிதந்து வரும் அணுக்களைப் பிடித்து மூலக்கூறு சேர்க்க வேண்டும். பின்னாலிருந்து பச்சையாக ஒரு குழம்பு பொங்கி வரும். அது தொட்டுவிட்டால் திரை முழுக்கப் பச்சை, ஆட்டம் முடிந்தது. படங்கள் எல்லாம் ஓவியா வரைந்தவை.

கம்பெனியை நடத்தும் ஹரிஷ்குமார் கறாராகச் சொல்லிவிட்டான். தீபாவளிக்குள் விளையாடுகிறவர்கள் கொடுக்கும் ஸ்டார் சராசரியாக நாலைத் தொட்டால் ஓவியாவுக்கு வேலை நிரந்தரம். தொடாவிட்டால் விளையாட்டை மூடிவிட்டு அவளையும் ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். அவளுக்கு அந்த வேலை உயிர். அதனால் வீட்டுக்குப் போன் போட்டு, அப்பாவும் அம்மாவும் விளையாடிப் பார்த்துக் கருத்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அவள் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை. யாரிடம் கேட்டாள் என்பதுதான் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, திருநீறு பூசி, கண்ணாடி போட்டுக்கொண்டு பாண்டிராஜ் உட்கார்ந்தார். குமார் ஓடத் தொடங்கினான். முதல் கதவு வந்தது. பாண்டிராஜின் விரல் தானாகவே திரையை விட்டு எழுந்து, பக்கத்துச் சுவரில் போய் உள்ளங்கையாகப் பதிந்தது. அதற்குள் குமார் கதவில் மோதி விழுந்தான், பச்சைக் குழம்பு மேலே ஏறியது. மறுபடி ஆடினார். மறுபடி கதவு, மறுபடி சுவர், மறுபடி குழம்பு. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பொன்மணி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானம் வரை ஆடிவிட்டு அவர் கருத்து எழுதினார். எப்படி எழுதினார் என்று கேளுங்கள். பட்டாசுக் கம்பெனியில் தணிக்கை என்று ஒன்று உண்டு. அதிகாரிகள் வந்து ஒவ்வொரு செட்டாகப் பார்த்துக் குறைகளை எழுதிக் கொடுப்பார்கள். குறை தீர்ந்த பிறகுதான் லைசென்சு கிடைக்கும். குறையைச் சொல்கிறவன்தான் கம்பெனிக்கு வேண்டியவன், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறவன் ஆளைக் கொல்லப் பார்க்கிறான் என்பது பாண்டிராஜின் உறுதியான எண்ணம். மகளுக்குத் தன்னால் முடிந்த அளவு நல்லது செய்துவிட வேண்டும் என்றுதான் அவர் இப்படி எழுதினார்:

'பார்வையிட்டதில் கண்ட குறைகள். பையன் ஷூ அணிந்துள்ளான். ரசாயன அறைக்குள் ஓடுகிறான். கோட்டு நைலான் போலத் தெரிகிறது. வாசலில் கை வைக்கத் தகடு இல்லை. அமிலம் தரையில் கொட்டிக் கிடக்கிறது, துடைக்க ஆள் போடவில்லை. இவை சரிசெய்யப்படும் வரை ஒரு ஸ்டார் மட்டும் வழங்கப்படுகிறது. மீதி நான்கும் நிறுத்தி வைக்கப்படுகின்றன. இப்படிக்கு, பாண்டிராஜ், போர்மேன்.'

மறுநாள் சாயங்காலம் ஓவியாவின் போன் வந்தது. அழுகிறாளா கோபப்படுகிறாளா என்றே தெரியவில்லை. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் நாலு, அஞ்சு என்று போட்டிருக்கும்போது பெற்ற அப்பா ஒன்று போட்டிருக்கிறாரே என்று கேட்டாள். பொன்மணி போனைப் பிடுங்கி ஆறுதல் சொன்னாள். பிறகு புருசனிடம் திரும்பினாள்.

"இந்தாருங்க, அந்த ஒண்ண அஞ்சா மாத்திப்பிட்டு வந்து சோத்துல கைய வையுங்க."

பாண்டிராஜ் மசியவில்லை. குறை அப்படியே இருக்கும்போது தன் பேர் போட்டு எழுதியதை எப்படி மாற்றுவது? ஆனால் மகள் அழுத சத்தம் காதை விட்டுப் போகவில்லை. கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. தன் ஸ்டாரைத்தான் மாற்ற முடியாது. மற்றவர்கள் தங்கள் ஸ்டாரைத் தாராளமாகக் கொடுக்கலாமே!

கம்பெனி வேனில் 'குடுவைக் குமார்' இப்படித்தான் வந்து இறங்கினான். வேலை நேரத்தில் செல்போன் எல்லாம் வாசல் கேட்டில் இருக்கும், அதனால் போகும்போதும் வரும்போதும் வேனுக்குள் ஒரே ஓட்டம்தான். போர்மேன் மகள் செய்தது என்று தெரிந்ததும் எல்லோரும் உரிமையோடு அபிப்பிராயம் சொன்னார்கள். பச்சைக் குழம்பைப் பார்த்தால் பயம் வரவில்லை, பசிதான் வருகிறது என்றாள் ஒருத்தி. பச்சை நிறமே சரியில்லை, நம்ம கம்பெனிப் பூச்சட்டிப் புஸ்வாணத்தில் வருகிற பச்சை எங்கே, இது எங்கே என்றாள் இன்னொருத்தி. ஓட்டம் பிரமாதம், ஆனால் பிரேக்கே வைக்கவில்லையே என்று வருத்தப்பட்டார் டிரைவர் கருப்பணன். பேக்கிங் செட்டின் தலைவி மாரித்தாய்க்கு ஒரே குறைதான். இம்புட்டு தூரம் கூடவே ஓடுகிறோம், அந்தப் பயல் மூஞ்சியை ஒரு தடவையாவது காட்டக்கூடாதா என்பாள்.

இதையெல்லாம் அப்படி அப்படியே எழுதியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. ஆனால் எழுதும் பொறுப்பை மாரித்தாய் கையில் எடுத்துக்கொண்டாள். கிஃப்ட் பாக்ஸ் கட்டிக் கட்டிப் பழகிய கை அது. ஒரு பெட்டியில் மத்தாப்பு இடதுபக்கம் இருந்தால் எல்லாப் பெட்டியிலும் இடதுபக்கம்தான் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் லோடு திரும்பி வந்துவிடும். ஆளுக்கொரு மாதிரி எழுதிவைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று அதட்டி, ஒரே வாசகத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். 'விளையாட்டு மிக அருமை. குடும்பத்துடன் ஓடலாம்.' சாயங்காலம் சங்கு ஊதியதும், கேட்டில் செல்போனைக் கையில் வாங்கிய கையோடு, வரிசையாக நின்று எல்லோரும் அஞ்சு ஸ்டார் போட்டு அதையே எழுதினார்கள். ஓர் எழுத்து மாறவில்லை. பாண்டிராஜ் வரிசையை மேற்பார்வையிட்டார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

விடிந்ததும் இடி விழுந்தது. ஒரே வாசகம், ஒரே இடம், ஒரே நேரம். இது மனிதர்கள் எழுதியதே அல்ல, ஏதோ மெஷின் போட்ட கள்ளக் கருத்து என்று முடிவுகட்டி, செயலிக் கடைக்காரர்கள் அத்தனையையும் அழித்துவிட்டார்கள். ஓவியாவின் கம்பெனிக்கு எச்சரிக்கையும் வந்துவிட்டது. ஆள் வைத்துக் கருத்து எழுதவைக்கும் விளையாட்டு என்று பேர் கெட்டு, கோபத்தில் பலர் ஒன்று போட, சராசரி மடமடவென்று இறங்கியது. ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து போன கருத்துகளில் தப்பிப் பிழைத்தது ஒன்றே ஒன்றுதான். போர்மேன் வைத்த ஒற்றை ஸ்டார். அது மட்டும்தான் மனிதன் எழுதியது என்று மெஷினுக்கே தெரிந்திருக்கிறது!

ஓவியா இந்தத் தடவை கோபப்படவில்லை. நாளைக்கு ஹரிஷ்குமார் கூப்பிட்டிருக்கிறார், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாலும் வருவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தாள். மறுநாள் கம்பெனியில் பாண்டிராஜுக்கு எதிலும் மனசு ஓடவில்லை. பாண்டிமுருகன் என்கிற லோடுமேன் முற்றத்தில் ஒரு எட்டு ஓடியே போனான். போர்மேன் பார்த்துக்கொண்டே இருந்தார், கத்தவில்லை. ஓடியவன் பயந்துபோய்த் தானாகவே நின்று, திரும்பி நடந்து வந்து, அண்ணே உடம்புக்கு முடியலையா என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் கேட்டில் செல்போனை வாங்கியதும் பாண்டிராஜ் புளியமரத்தடிக்குப் போனார். தன் கருத்தைத் திறந்தார். குறை தீரவில்லைதான். தீராமல் போகட்டும். மகளை விடவா தகடு பெரிது? அஞ்சாவது ஸ்டார் மேல் விரல் வைக்கப் போன நேரத்தில் போன் அடித்தது. ஓவியா.

"அப்பா, அந்த ஒரு ஸ்டார மாத்திராதீக. தொடவே தொடாதீக."

பாண்டிராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் மூச்சு வாங்கச் சொன்னதில் அவருக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஹரிஷ்குமார் அவளைத் திட்டுவதற்கு முன்னால் அந்தக் கருத்தை வாய்விட்டுப் படித்திருக்கிறான். நைலான் கோட்டு வரைக்கும் வந்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டான். அவன் மட்டுமா? அந்தக் கருத்துக்குக் கீழே ஊர் ஊராக ஆட்கள் வந்து விருப்பம் போட்டிருக்கிறார்கள். 'போர்மேன் சார், குமார் இன்றும் ஷூ போட்டுத்தான் ஓடுகிறான்' என்று ஒருவன் தினமும் புகார் எழுதுகிறானாம். அந்த வேடிக்கையைப் பார்க்கவே பலர் விளையாட்டை இறக்கியிருக்கிறார்களாம். அந்த இடத்தில்தான் ஓவியா துணிந்து கேட்டிருக்கிறாள். பச்சைக் குழம்புக்கு யாரும் பயப்படவில்லை என்பதுதானே ஆட்டக்காரர்களின் முதல் குறை? குழம்பை எடுத்துவிடலாம். குமாரைத் துரத்த வேறோர் ஆள் இருக்கிறார், வரைந்து தருகிறேன் என்று சொல்லி, தீபாவளி வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறாள்.

"நீங்க கம்பெனியில போடுவீகள்ல ஒரு சத்தம், அது வேணும்ப்பா. ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க."

அது எளிதாக நடக்கவில்லை. ஒருத்தரும் ஓடாமல் எப்படிக் கத்துவது? பாண்டிராஜ் தொண்டையைச் செருமிச் செருமிப் பார்த்தார், கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற குரல்தான் வந்தது. கடைசியில் டிரைவர் கருப்பணன் வேட்டியை மடித்துக் கட்டினார். கேட்டுக்கு வெளியே ரோட்டில், அத்தனை பேர் பார்க்க, தொப்பை குலுங்க ஓடினார். அவ்வளவுதான், பாண்டிராஜின் உடம்பு தன் வேலையைத் தானே செய்துகொண்டது. அந்தச் சத்தத்தில் ரோட்டோரம் மேய்ந்த ஆடுகளும் நின்றன. மாரித்தாய் அதைச் சுத்தமாகப் பதிவு செய்துவிட்டாள்.

தீபாவளி நெருங்கும்போது புதிய குமார் வந்தான். அவன் பின்னால் காக்கிச் சட்டை, பெரிய மீசை, வெறுங்கால், முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளோடு ஒரு போர்மேன் வந்தார். ஓடவில்லை, நடந்தே வந்தார். ஆனாலும் எப்படியோ பிடித்துவிடுவார். கூடவே அந்தக் குரல். ஆட்டக்காரர்களுக்குப் பித்துப் பிடித்தது. 'இவரைப் பார்த்தால் எங்கள் பி.டி. வாத்தியார் ஞாபகம், உயிரைக் கொடுத்து ஓடினேன்' என்று ஒருவர். 'நடந்து வரும் மனிதருக்கு இவ்வளவு பயப்படுவேன் என்று நினைக்கவில்லை' என்று இன்னொருவர். 'ஹைட்ரஜன் சேர்த்து முடிப்பதற்குள் இவர் வந்துவிடுகிறார், அறிவியல் படிக்கவே விடமாட்டேன் என்கிறார்' என்று ஒரு பள்ளிக்கூடப் பெண். சராசரி நாலைத் தொட்டது, தாண்டியும் போனது. ஓவியாவுக்கு வேலை நிரந்தரமானது. வேனில் எல்லோருக்கும் பொன்மணி கொடுத்தனுப்பிய அதிரசம்.

பாண்டிராஜுக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வேனில் பக்கத்து சீட்டில், எதிர் சீட்டில் எல்லாம் குமார் தன்னைப் பார்த்துத் தப்பி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. தெரியாத ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தன்னிடமிருந்து தப்பித்ததைப் பெருமையாக எழுதுகிறார்கள். ஒருத்தன்கூட நிற்கவில்லை. அன்றைக்குத் தம்பியும் நிற்கவில்லை.

தீபாவளிக்குக் கம்பெனி லீவு. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் செல்போனை எடுத்து உட்கார்ந்தார். குமார் ஓடத் தொடங்கினான். சுருட்டை முடி முன்னால் குதித்துக் குதித்துப் போனது. பாண்டிராஜ் தாண்டவில்லை, சறுக்கவில்லை. விரலை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். முதல் கதவில் மோதிக் குமார் தடுமாறினான். பின்னாலிருந்து போர்மேன் நடந்து வந்தார். அவன் விழுவதற்கு முன்னால் தோளில் கை வைத்துப் பிடித்துவிட்டார்.

பிடிபட்டால் என்ன நடக்கும் என்று யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. தோற்ற கோபத்தில் மறுபடி ஆடப் போய்விடுவார்கள். பாண்டிராஜ் பார்த்தார். திரையில் இருந்த போர்மேன் குமாரின் கையைப் பிடித்து, வாசலில் இருந்த செம்புத் தகட்டில் அவன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தகடு வைத்திருந்தாள் மகள்! பிறகு குமார் மெதுவாகத் திரும்பினான். முதல்முறையாக முகம் தெரிந்தது. முன்பல்லில் சின்ன இடைவெளி. அப்போதுதான் ஏதோ சேட்டை செய்துவிட்டு வந்த மாதிரி ஒரு சிரிப்பு.

பாண்டிராஜ் சுவரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஆடினார். மறுபடி நின்றார், மறுபடி பிடித்தார். உலகத்திலேயே அதற்குக் கீழே மதிப்பெண் எடுக்க யாராலும் முடியாது. அவர் ஆடிக்கொண்டே இருந்தார்.

பலகாரத் தட்டோடு வந்த பொன்மணி எட்டிப் பார்த்தாள். மகள் ஆரம்பத்திலிருந்தே சித்தப்பாவைத்தான் வரைந்திருக்கிறாள், முதுகை மட்டும் காட்டினால் போதும் என்று ஹரிஷ்குமார் சொல்லிவிட்டதால் முகம் காட்ட வழியில்லாமல் இருந்திருக்கிறது. இது முன்பே பொன்மணிக்குத் தெரியும். இப்போது அதைச் சொல்லவில்லை. தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, எம்புட்டு எடுத்தீக என்று கேட்டாள்.

"புடிச்சிட்டேன்" என்றார் பாண்டிராஜ்.

பிறகு தன் கருத்தைத் திறந்து, நிறுத்தி வைத்திருந்த நாலு ஸ்டாரையும் வழங்கினார்.